ஃபீல்டு போஸ்டிங்ல கண்ணுக்கு என்ன ஆகுது? குண்டு படாமலேயே பார்வை போறது எப்படி?

வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்டோட சென்டர் இருக்கறதால குன்னூர், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி பக்கம் பட்டாளம்ங்கறது தூரத்து விஷயம் இல்ல. சொந்தத்துல யாராவது ஒருத்தர் லடாக்லயோ ராஜஸ்தான்லயோ அஸ்ஸாம்லயோ இருப்பாங்க, இல்ல சர்வீஸ் முடிச்சு பென்ஷன்ல வந்திருப்பாங்க. அதனால செய்தில "ஜவானுக்கு கண்ணில் காயம்"னு ஒரு வரி வந்தாலோ, போன்ல "கண்ணுக்காக எம்எச்ல (மிலிட்டரி ஆஸ்பத்திரில) சேர்த்திருக்காங்க, கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறக்கிட்டாங்க"ன்னு தகவல் வந்தாலோ வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் பிடிபடறதில்ல, சண்டையே நடக்கலையே, குண்டும் படலையே, அப்புறம் கண்ணுக்கு எப்படி ஆச்சுன்னு ஒரே குழப்பம்.

கண்ணு கெடறதுக்கு குண்டு தேவையில்ல. வெளிச்சம், மெலிஞ்ச காத்து, தூசி, வெடிச்சிதறல், கிருமி, இது எல்லாத்துக்கும் மேல அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துல தெரியாம செய்யற வைத்தியம், இதுலதான் நிறைய பேரோட பார்வை போகுது. இதுல பலதும் தடுக்கக்கூடியதுங்கறதாலதான் அடிப்படைல இருந்து எழுத வேண்டியிருக்கு.

முதல்ல கண்ணோட அமைப்பு

முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியறது கருவிழி, நடுவுல வெறும் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதுல ரத்தக்குழாய் கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை பெரும்பாலும் வெளிக்காத்துல இருந்து நேரா எடுத்துக்குது (இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மலை உச்சிக்குப் போகும்போது இது முக்கியம்). அதுக்குப் பின்னாடி பாப்பா சுருங்கி விரியற ஐரிஸ், அப்புறம் லென்ஸ், நடுவுல ஜெல்லி, கடைசில விழித்திரை, அங்கிருந்து மூளைக்குப் போற பார்வை நரம்பு. கருவிழியோட மேல்தோல் உரிஞ்சா சில நாள்ல திரும்ப வளந்துடும். விழித்திரையும் நரம்பும் செத்தா திரும்ப வளராது. எந்தப் பிரச்சனை அவசரம், எது ஓய்வு எடுத்தா சரியாகும்ங்கறது இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு.

வெளிச்சத்தால வர்றது

"நாம மலைக்காரங்க, குளிரும் வெயிலும் நமக்குப் பழக்கம்"னு நம்ம பக்கத்துப் பசங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. குளிர் விஷயத்துல அது ஓரளவு சரியா இருக்கலாம், கண்ணு விஷயத்துல சரி வராது. காரணம் இதுதான்:

1. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240, லே 3,500, சியாச்சின்ல மேல இருக்கற போஸ்ட்டுங்க 5,500, 6,000ன்னு போகுது.

2. ஆனா மேல இருந்து வர்ற கதிர்ல நீலகிரியும் ஒண்ணும் குறைஞ்சது இல்ல, பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கோம். பெரிய வித்தியாசம் கீழ இருந்து வர்றதுலதான். புல்லும் மண்ணும் 10 சதவீதத்துக்கும் குறைவாதான் திருப்பி அனுப்பும், புதுசா விழுந்த பனி 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும். நம்ம ஊர்ல ஜனவரில தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்லு மேல விழற உறைபனி வெயில் ஏறறதுக்குள்ள கரைஞ்சு போயிடும், சியாச்சின்ல பனி நாள் முழுக்க, மாசக்கணக்குல கிடக்கும்.

3. புருவமும் இமையும் தொப்பியும் மேல இருந்து வர்றதைத்தான் மறைக்கும், கீழ இருந்து அடிக்கறதுக்கு மறைப்பே இல்ல. மேகமூட்டமா இருந்தாலும் கதிர்ல பெரும்பங்கு மேகத்தைத் தாண்டி வந்துடும், வெயில் இல்லாத நாள்ல கண்ணாடி எதுக்குன்னு கழட்டி வெச்சவங்கதான் அன்னிக்கு ராத்திரி மாட்டிக்கறாங்க.

இதுல வர்றதுதான் ஸ்னோ பிளைண்ட்னஸ். கருவிழியோட மேல்தோல் செல்லுங்க கதிர் பட்டு செத்துப்போகுது, ஆனா உடனே தெரியாது, 6 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் கழிச்சுதான் தோல் உதிர்ந்து அடியில இருக்கற நரம்பு நுனிங்க வெளிய வரும். பகல் பூரா பேட்ரோல் போயிட்டு நல்லா சாப்பிட்டுப் படுத்தவர் நடுராத்திரில கண்ணைத் திறக்க முடியாம, கண்ணு பூரா மணல் கொட்டின மாதிரி, தண்ணியா ஊத்திக்கிட்டு எழுந்திருப்பார். வெல்டிங் பட்டறைல கண்ணாடி போடாம வேலை பார்த்தவங்களுக்கு ராத்திரி வர்ற அதே வலிதான், ரெண்டுமே ஒரே நோய்.

இருட்டான இடத்துல ஓய்வு, ஈரத்துணி ஒத்தடம், கண்ணை ஈரமா வைக்கிற சொட்டு மருந்து, வலிக்கு மாத்திரை, இவ்வளவுதான் வைத்தியம், ஒண்ணுல இருந்து மூணு நாள்ல சரியாயிடும். கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை மட்டும் கைல வாங்கி வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப விடக்கூடாது. போட்ட உடனே சுகமா இருக்கும்தான், ஆனா தோல் ஆறறதை அது தடுக்குது, திரும்பத் திரும்ப விட்டா கருவிழி புண்ணாகி ஓட்டையே விழலாம்.

வருஷக்கணக்குல வெயில், காத்து, புழுதி பட்டா வெள்ளை விழில இருந்து கருவிழி மேல சதை வளரும். பாலைவனத்துலயும் லடாக்லயும் இருந்துட்டு வந்தவங்ககிட்டயும் பாக்கலாம், எஸ்டேட்ல காலம் பூரா வெட்டவெளில வேலை செஞ்சவங்ககிட்டயும் பாக்கலாம். நடுப்பாப்பாவை மறைக்கப் போகுதுன்னாதான் ஆபரேஷன்.

காத்து மெலிஞ்சா

5,000 மீட்டர் பக்கம் ஏறும்போது விழித்திரைல குட்டிக்குட்டி ரத்தக்கசிவு வர்றது சகஜம். நடுப்புள்ளில இல்லைன்னா ஆளுக்குத் தெரியவே தெரியாது, கீழ இறங்கினா சில வாரத்துல தானா மறையும். நடுப்புள்ளில கசிஞ்சா பாக்கற இடத்துல ஒரு கரும்புள்ளி. இதோட தலைவலி, வாந்தி, தடுமாற்றம் சேர்ந்து வந்தா அது மூளை வீக்கத்தோட அடையாளமா இருக்கலாம், அப்ப கண்ணைப் பத்தி யோசிக்க நேரம் இல்ல, ஆளை உடனே கீழ இறக்கணும்.

அடுத்தது ரத்தம் கெட்டியாகறது. உயரத்துல உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்குது, குளிர்ல தண்ணி குடிக்கறதும் குறையும், ரெண்டும் சேர்ந்து விழித்திரையோட சிரைல ரத்தம் உறைஞ்சு அடைக்கலாம். வயசானவங்களுக்கு வர்ற இந்த நோய் இருபத்தஞ்சு, முப்பது வயசு ஜவானுக்கு வந்தா வீட்டுல நம்பவே மாட்டாங்க. வலியில்லாம ஒரு கண்ணுல திடீர்னு பார்வை மங்கினா "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விடாம அன்னிக்கே எம்ஐ ரூம்ல (யூனிட்ல டாக்டர் பாக்கற இடத்துல) சொல்லணும்.

பவர் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க விஷயமும் இங்கதான் வருது. முன்காலத்துல கருவிழில சக்கரத்து ஆரம் மாதிரி கீறல் போடற முறை இருந்துச்சு. ஆக்சிஜன் குறையும்போது அந்தக் கீறல் போட்ட இடம் வீங்கி கருவிழி வடிவம் மாறி பவரே மாறிப்போகும். 1996ல எவரெஸ்ட்ல பெக் வெதர்ஸ்ங்கற அமெரிக்க டாக்டர் உச்சிக்குக் கொஞ்சம் கீழயே கண்ணு தெரியாம உக்காந்துட்டதுக்கு இதுதான் காரணம். இப்ப செய்யற லேசர் முறைல அந்த அளவு மாற்றம் வர்றதில்ல.

சிதறல்: ஏன் கண்ணுல இவ்வளவு அடி?

உடம்போட முன்பக்கப் பரப்புல கண்ணு அரை சதவீதம்கூட கிடையாது. ஆனா போர்க்காயங்கள்ல கண்ணோட பங்கு ஏறிக்கிட்டே வந்திருக்கு. அமெரிக்கப் படை கணக்குப்படி ரெண்டு உலகப்போர்லயும் சுமார் 2 சதவீதம், வியட்நாம்ல சுமார் 9, 1991 வளைகுடாப் போர்ல சுமார் 13. காரணம் ஆயுதம் மாறினது. ஷெல், கண்ணிவெடி, ரோட்டோரக் குண்டு எல்லாமே ஆயிரக்கணக்கான பொடித்துண்டுகளை வீசுது, அரிசி அளவு துண்டு கைல பட்டா கீறல், கண்ணுல பட்டா பார்வை. நெஞ்சுக்குக் கவசமும் தலைக்கு ஹெல்மெட்டும் வந்ததால முன்னாடி செத்திருக்கக்கூடியவங்க பிழைக்கறாங்க, மூடாத முகத்துல அடியோட.

இதைத் தடுக்கறது பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி. படைத்தரத்துல செஞ்ச கண்ணாடி விநாடிக்கு சுமார் 200 மீட்டர் வேகத்துல வர்ற சின்ன உலோகத்துண்டைத் தாங்கும்படி சோதிக்கப்படுது. சாதாரண கண்ணாடி லென்ஸ் உடைஞ்சு அதுவே கண்ணுக்குள்ள போகும். அப்படின்னா எல்லாரும் ஏன் போடறதில்ல? ஆவி படியுது, கீறல் விழுந்து மங்குது, வியர்வை வழியுது. மூடுபனில குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கற கண்ணாடிக்காரங்களுக்கு இந்த எரிச்சல் தெரியும், அதோட ரைபிளும் பிடிச்சுக்கிட்டு முன்னாடி பாக்கணும்னா கழட்டத்தான் தோணும். இதை ஒழுங்கு பிரச்சனையா மட்டும் பாக்கறது தப்புன்னு நினைக்கறேன், ஆவி படியாத பூச்சும் மாத்து லென்ஸும் சரியா கிடைச்சா போடுவாங்க.

முதல் ஒரு மணி நேரம்

இந்தப் பகுதி எஸ்டேட்ல, பட்டறைல வேலை செய்யறவங்களுக்கும் சேர்த்துதான்.

1. கண்ணு கிழிஞ்சிருக்கான்னு சந்தேகம் வந்தாலே கிழிஞ்சதாவே நினைச்சுக்கணும். பாப்பா வட்டமா இல்லாம ஒரு பக்கம் கூம்பியிருக்கு, கருப்பா ஏதோ பிதுங்கி நிக்குது, அடி பட்டதும் பார்வை சட்டுனு மங்கிடுச்சு, இதெல்லாம் அடையாளம்.

2. அழுத்தவே கூடாது. பஞ்சு வெச்சுக் கட்டு போடறது, துடைக்கறது, இமையைப் பிரிச்சுப் பாக்கறது, குத்தி நிக்கறதைப் பிடுங்கறது எதுவும் வேண்டாம். கிழிஞ்ச கண்ணை அழுத்தினா உள்ள இருக்கறது வெளிய வந்துடும், அப்புறம் எந்த டாக்டராலயும் முடியாது.

3. கண்ணு மேல படாம ஒரு கெட்டியான மூடி வைக்கணும். படைல இதுக்குன்னு ஷீல்டு இருக்கு. இல்லைன்னா டீ குடிக்கற பேப்பர் கப்போட அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு மேல புருவ எலும்புலயும் கீழ கன்ன எலும்புலயும் உக்கார்ற மாதிரி வெச்சு டேப் ஒட்டினா போதும். குத்தின பொருள் நீட்டிக்கிட்டு இருந்தா கப் ஆழமா இருக்கணும், அதைத் தொடக்கூடாது.

4. சொட்டு மருந்து, களிம்பு, தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கிழிஞ்ச கண்ணுல விடக்கூடாது. சாப்பிடவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது, தையல் 24 மணி நேரத்துக்குள்ள போட்டா உள்ள சீழ் பிடிக்கற ஆபத்து குறையும்.

5. ரசாயனம் பட்டா மட்டும் நேர் எதிர். சுண்ணாம்பு, பேட்டரி ஆசிட், எது பட்டாலும் அந்த நிமிஷமே தண்ணி, கிடைக்கற சுத்தமான தண்ணியால அரை மணி நேரம் ஊத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கப்புறம்தான் வண்டி ஏத்தணும். ஆசிட்டை விட சுண்ணாம்பு மோசம், அது கருவிழியை ஊடுருவி உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

அடிபடாத இன்னொரு கண்ணையும் டாக்டருங்க ஏன் திரும்பத் திரும்ப பாக்கறாங்கன்னு வீட்டுக்காரங்க பயப்படறாங்க. கிழிஞ்ச கண்ணுல இருந்து வெளிப்பட்ட திசுவை உடம்பு அந்நியம்னு நினைச்சு எதிர்க்க ஆரம்பிச்சா நல்ல கண்ணும் அழற்சில கெடும். அபூர்வம்தான், ஆனா பிரெய்லி எழுத்தைக் கண்டுபிடிச்ச லூயி பிரெய்லிக்கு 3 வயசுல ஒரு கண்ணுல அடிபட்டு ரெண்டு கண்ணும் போனது இப்படித்தான்னு சொல்லுவாங்க. பார்வைக்கே வாய்ப்பில்லாத அளவு சிதைஞ்ச கண்ணை ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னா அதுக்கு இதுதான் காரணம், அலட்சியம் இல்ல.

வருஷம் கழிச்சு வர்றது

இதைப் பத்திதான் நம்ம ஊர்ல அதிகம் பேசணும், ஏன்னா இது பென்ஷன்ல வந்தப்புறம் இங்க வீட்டுல இருக்கும்போது வெளிப்படுது. குண்டு வெடிச்ச அதிர்வுல வெளிய ஒரு கீறல்கூட இல்லாம கண்ணுக்குள்ள அடிபட்டிருக்கலாம்.

கண்ணுக்குள்ள ஒரு திரவம் ஊறி ஊறி வடியுது. அது வடியற மூலை அடிபட்டதுல நசுங்கியிருந்தா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, பத்து வருஷம் கழிச்சுகூட அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரும். வலி கிடையாது, ஓரப்பார்வை மெதுவா சுருங்கும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கறதால படிக்கறார், டிவி பாக்கறார், படியிலயும் கதவு நிலையிலயும் மட்டும் ஒரு பக்கமாவே இடிச்சுக்கிட்டு இருப்பார், வயசாயிடுச்சுன்னு வீட்டுல விட்டுடுவாங்க. போன பார்வை வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதனால சர்வீஸ்ல எப்பவாவது முகத்துல அடி, வெடிச்சம்பவம், குத்துச்சண்டை அடி வாங்கினவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணழுத்தம் பாக்கணும்.

இரும்புத்துண்டு கண்ணுக்குள்ள தங்கியிருந்தா அது மெதுவா துருவா கரைஞ்சு விழித்திரையை விஷமாக்கும். இன்னொரு ஆபத்து எம்ஆர்ஐ. முதுகுவலிக்காக கோயம்புத்தூர்ல ஸ்கேன் எடுக்கப் போறவர், பழைய சிதறல் துண்டு உடம்புல இருக்குன்னு சொல்லலைன்னா அந்தக் காந்தத்துல துண்டு நகர்ந்து கண்ணைக் கிழிக்கலாம். அந்தக் காலத்துல முகத்துல சிதறல் பட்ட அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறவங்க இதை முதல்ல சொல்லுங்க.

வெடி அதிர்ச்சில மூளை குலுங்கினவங்களுக்கு கண்ணு 6/6 இருந்தும் படிச்சா எழுத்து ரெட்டையா தெரியறது, வெளிச்சம் தாங்காதது, சீக்கிரம் தலைவலி வர்றது உண்டு. கிட்ட இருக்கறதைப் பாக்க ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்பறதுல வர்ற கோளாறு அது. நடிக்கறார்னு சொல்றது பெரிய அநியாயம், பயிற்சியிலயும் கண்ணாடியிலயும் நிறைய சரியாகும்.

கிருமி

ஒரே பாரக்ல நூறு பேர் இருக்கற இடத்துல ஒரு டவல் போதும் மெட்ராஸ் ஐ சுத்தி வர. அது தானா சரியாகும். இலை, மூங்கில் கண்ணுல பட்டு வர்ற பூஞ்சைப் புண்ணு அப்படி இல்ல, வடகிழக்குக் காட்டு போஸ்டிங்லயும் சரி, தமிழ்நாட்டு வயக்காட்டுலயும் சரி. அதுக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டா சிவப்பு குறையும், அடியில பூஞ்சை பரவும். காண்டாக்ட் லென்ஸை ஃபீல்டுல தவிர்க்கச் சொல்றதும் கிருமிக்காகத்தான், அழுக்குக் கையும் சுத்தமில்லாத தண்ணியும் சேர்ந்தா கருவிழில புண்ணு வந்துடும்.

கண் மருத்துவமே பாதி படைல இருந்து வந்ததுதான். 1798ல நெப்போலியனோட எகிப்து படையெடுப்புல தொத்தின கண்நோய் ஐரோப்பா பூரா சிப்பாய்ங்களோட போச்சு, அந்த நெருக்கடிலதான் 1805ல லண்டன்ல மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி தொடங்கினாங்க, அந்த வழில 1819ல சென்னைல தொடங்கினதுதான் இன்னிக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. ரெண்டாம் உலகப்போர்ல விமானிகளோட கண்ணுல சிக்கின அக்ரிலிக் துண்டை உடம்பு எதிர்க்கலைன்னு கவனிச்ச பிரிட்டிஷ் கண் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி 1949ல கண்புரை ஆபரேஷன்ல செயற்கை லென்ஸ் வெச்சார், மதுரை ஆரோலேப் இன்னிக்கு உலகத்துக்கே அனுப்பற லென்ஸுக்கு மூலம் அதுதான்.

லீவுல மலை ஏறி வர்றவங்களுக்கு

விழித்திரை விலகினதுக்கு ஆபரேஷன் பண்ணும்போது சில சமயம் கண்ணுக்குள்ள வாயுக்குமிழ் வெச்சு அனுப்புவாங்க. மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டறதுக்குள்ள உப்பிப்போகுது இல்லையா, கண்ணுக்குள்ள இருக்கற குமிழும் அதேதான் செய்யும், அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்னு ஒரு காட் ரோடு பயணத்துல பார்வை போகலாம். வாயுவைப் பொறுத்து ரெண்டு வாரமோ ரெண்டு மாசமோ அது உள்ள இருக்கும். விமானமும் கூடாது, ஊட்டி, குன்னூரும் கூடாது. டாக்டர் "பிளைட் வேண்டாம்"னு மட்டும் சொல்லியிருப்பார், வீடு மலைல இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்கதான் சொல்லணும், குமிழ் கரையற வரைக்கும் கீழ சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கணும். வாயுவுக்குப் பதிலா சிலிகான் எண்ணெய் வெச்சிருந்தா இந்தப் பிரச்சனை இல்ல.

கேட்டகரியும் பேப்பரும்

படைல உடல்தகுதியை ஷேப்னு (SHAPE) அஞ்சு பிரிவா போடறாங்க, கடைசி எழுத்து E கண்பார்வைக்கு. 1ல இருந்து எண் கூடக்கூட தகுதி குறையும். தற்காலிகமா இறக்கினா மறுபடி மெடிக்கல் போர்டு (டாக்டருங்க குழு) வெச்சுப் பாப்பாங்க, அதனால போன்ல "கேட்டகரி இறங்கிடுச்சு"ன்னு கேட்டதும் வேலை போச்சுன்னு அர்த்தம் பண்ணிக்க வேண்டாம்.

ஊனப் பென்ஷன்ல எல்லா வாதமும் ஒரே கேள்விலதான் நிக்கும், இது சர்வீஸால வந்ததா, இல்ல சர்வீஸால கூடினதா? சேரும்போது மெடிக்கல்ல குறிப்பு இல்லாத நோய் பின்னால வந்தா சர்வீஸால வந்ததாவே எடுத்துக்கணும்னு 2013ல தரம்வீர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 2023ல புது விதிகள் வந்திருக்கு, அதனால எந்தத் தேதில அடிபட்டது, எந்தத் தேதில போர்டு வெச்சதுங்கறது இப்ப ரொம்ப முக்கியம். அக்னிவீருக்கு பென்ஷன் கிடையாது, ஊனம் 50, 75, 100 சதவீதம்னு மூணு படியா 15, 25, 44 லட்சம் ஒரே தடவை தொகை.

இதுக்கெல்லாம் அடிப்படை அன்னிக்கே எழுதின இன்ஜுரி ரிப்போர்ட். சின்ன அடிதானேன்னு எம்ஐ ரூம் ரெஜிஸ்டர்ல ஏறாம விட்டது பன்னெண்டு வருஷம் கழிச்சு கிளாக்கோமாவா வந்தா நிரூபிக்க ஒண்ணும் இருக்காது. பசங்ககிட்ட போன்ல பேசும்போது சாப்பிட்டியான்னு கேக்கறதோட, அடிபட்டா எழுதி வாங்கினியான்னும் கேளுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, போர்டு பேப்பர் ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுலயும் ஒரு செட் வெச்சுக்கணும். பென்ஷன் மறுத்தாங்கன்னா அப்பீல் இருக்கு, அதுக்கு மேல சென்னைல ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கு, மனு எழுத உதவி வேணும்னா ஊட்டில இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேக்கலாம்.